சவர நுரை ஆறாமல் இருக்க: ஸ்கட்டில் கிண்ணம் தேர்ந்ததும் பழகியதும்

பிரஷ்ஷும் சோப்புக் கட்டியும் வைத்துச் சவரம் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரிந்திருக்கும். முதல் தடவை பூசும் நுரை முகத்துக்கு இதமாக இருக்கும். முடி வளரும் திசையில் ஒருமுறை மழித்துவிட்டு, குறுக்குவாக்கில் மழிப்பதற்காக இரண்டாம் தடவை பிரஷ்ஷைக் கையில் எடுக்கும்போது கிண்ணத்து நுரை ஆறிப்போயிருக்கும். எதிர்த் திசையில் மழிக்கும் மூன்றாம் சுற்றுக்கு அது சில்லிட்டு, பூசிய இடமெல்லாம் தோல் சுருங்கிக்கொள்ளும். உண்மையில் தோல் மிகவும் தளர்ந்து இருக்க வேண்டியது அந்தச் சுற்றில்தான். பல ஆண்டுகள் இதை ஒரு குறையாகவே நினைக்காமல் இருந்தேன். குளிர் மிகுந்த ஒரு காலைப் பொழுதில்தான், இதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பாத்திரம் இருக்கும்போது ஏன் இப்படி முகம் சுளித்துக்கொண்டு நிற்கிறோம் என்ற எண்ணம் வந்தது.

ஸ்கட்டில் என்று சொல்லப்படும் அந்தப் பாத்திரம் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பரவலாகப் புழங்கியது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வசதி வீடுகளில் இல்லாத காலம் அது. பழைய வடிவம் பார்வைக்குத் தேநீர்க் கெண்டியைப் போலிருக்கும்: அடியில் வெந்நீர், பிரஷ் நுழையும் அளவுக்கு அகன்ற மூக்கு, மேலே சோப்பு வைக்கச் சிறு துளைகள் இட்ட தட்டு. மூக்கின் வழியே பிரஷ்ஷை வெந்நீரில் தோய்த்து, தட்டிலுள்ள சோப்பில் தேய்த்து, அப்படியே முகத்தில் நுரைப்பார்கள். இப்போது மண்பாண்டக் கலைஞர்கள் செய்யும் வடிவம் வேறு. அது இரட்டைச் சுவர் கொண்ட ஒரு கிண்ணம். உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் வெந்நீரை ஊற்றிவிட்டு, உட்கிண்ணத்தில் நுரையடிப்பார்கள். பிரஷ்ஷை மட்டும் சூடாக்கியது பழையது. நுரையையே சூடாக வைத்திருப்பது புதியது. எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

ஆனாலும் உடனே வாங்கிவிடவில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே சமாளித்துவிடலாம் என்ற நினைப்பில் முதலில் எடுத்தது, நடுவே காற்றை நீக்கிய இரட்டைச் சுவர் கொண்ட எஃகுக் குவளை. காப்பியை ஒரு மணி நேரம் சூடாக வைத்திருக்கும் குவளை நுரையைப் பத்து நிமிடம் காக்காதா என்று கணக்குப் போட்டேன். காக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. குவளை செய்வது சூட்டை வெளியே விடாமல் தடுக்கும் வேலை; தடுத்து வைப்பதற்கு நுரையில் சூடு இருந்தால்தானே? நுரையின் பெரும்பகுதி காற்று. ஒரு சவரத்துக்கு அடிக்கும் நுரையில் நீரும் சோப்புமாகச் சேர்த்து 20 கிராம் அளவுதான் இருக்கும். அதை அடிக்கிற அடியில் அறையின் குளிர்ந்த காற்று உள்ளே கலக்கிறது, ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது, பிரஷ் நடுநடுவே முகத்துக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. ஆக, குவளைக்குள் வந்து சேர்வதே வெதுவெதுப்பான நுரைதான்; குவளை அந்த வெதுவெதுப்பை மட்டும் பத்திரமாகக் காத்துக் கொடுத்தது. நுரைக்குத் தேவை காவல்காரன் இல்லை, விடாமல் சூட்டை ஊட்டிக்கொண்டே இருக்கும் ஓர் அடுப்பு என்பது அன்று விளங்கியது.

சாதாரணப் பீங்கான் கிண்ணம் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். எடைக்கு எடை பார்த்தால் பீங்கான் வாங்கிக்கொள்ளும் வெப்பம் நீர் வாங்கிக்கொள்வதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் 600 கிராம் எடையுள்ள கிண்ணம், சூட்டை உறிஞ்சுவதில் 120 கிராம் தண்ணீருக்குச் சமம். 25 டிகிரியில் இருக்கும் அந்தக் கிண்ணத்தில் 50 டிகிரிச் சூட்டில் 20 கிராம் நுரையைப் போட்டு, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை விட்டால், கடைசியில் மிஞ்சுவது 29 டிகிரிகூட இல்லை. கனமான கிண்ணம் நல்லது என்று பலரும் சொல்வது, அதை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மட்டுமே உண்மை. குளிர்ந்த நிலையில் கனம் நமக்கு எதிரி.

அடுத்த முயற்சி தண்ணீர்த் தொட்டி முறை. அகலமான பீங்கான் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் சிறிய எஃகுக் கிண்ணத்தை இறக்கினேன். சூடு பிரமாதமாக ஏறியது. நுரையடிக்கத் தொடங்கியதும் எஃகுக் கிண்ணம் தோணியாகிவிட்டது. 90 கிராம் எடையுள்ள கிண்ணம் 90 மில்லி லிட்டர் நீரை விலக்கியதுமே மிதக்கத் தொடங்கிவிடும் என்பதைப் பள்ளியில் படித்தும், பிரஷ் ஒருபக்கம் அழுத்தியபோது அது சாய்ந்து வெந்நீரை அள்ளிக்கொண்ட பிறகே நினைவுக்கு வந்தது. நுரை முழுவதும் சோப்புத் தண்ணீராகிவிட்டது. மறுநாள், பழைய குக்கரின் ரப்பர் வளையத்தை வெட்டி, இரு கிண்ணங்களின் விளிம்புக்கும் நடுவே இறுக்கமாகச் செருகினேன். நான்கு இடங்களில் சிறு ஆப்புப் போலச் செருகினாலே உட்கிண்ணம் அசையாமல் நின்றது. கைச்செலவில்லாமல் ஸ்கட்டிலின் பலனைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். எஃகு மெல்லியதாக இருப்பதால் சூட்டை உடனடியாக நுரைக்குக் கடத்திவிடுகிறது. வாரக்கணக்கில் அதைத்தான் பயன்படுத்தினேன்.

அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்ததற்குக் காரணம் என் அவசரம். குளிர்ந்து கிடந்த வெளிக்கிண்ணத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை நேரடியாக ஊற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகத்தால் கண்ணாடியைச் சுண்டியதுபோல, அவ்வளவுதான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. சவரம் முடிந்து கிண்ணத்தைத் தூக்கியபோது அடியில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. உட்புறம் திடீரென விரிய, வெளிப்புறம் குளிர்ந்தபடியே இழுத்துப் பிடித்ததில் அடிப்பாகத்தில் மயிரிழைபோல் விரிசல் விழுந்துவிட்டது. பசை போட்டு ஒட்டிப் பார்க்கவில்லை. தினமும் சூடேறி ஆறுகிற பாத்திரத்தில் விரிசல் தங்கிய இடத்தில் தங்காது. என்றாவது ஒருநாள் வெந்நீரோடு கையில் பிளந்துகொள்ளும். அதைத் தூர எறிந்துவிட்டு, இரட்டைச் சுவர்க் கிண்ணம் ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தையும் வேலைப்பாட்டையும். நான் பார்க்கச் சொல்வது வாயின் அகலத்தை. பிரஷ்ஷின் மயிர்க்கற்றை அடியில் 22 முதல் 26 மில்லி மீட்டர் விட்டம் இருந்தாலும், அழுத்திச் சுழற்றும்போது அது இரண்டு மடங்குக்கு மேல் விரிந்துகொள்கிறது. அதைச் சுற்றிக் கைப்பிடி சாய்ந்து திரும்ப இடம் வேண்டும். வாய் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடி விளிம்பில் ‘டக் டக்’ என்று மோதும். காலையில் வீட்டார் எல்லோரையும் எழுப்பிவிடுவதற்கு அது போதும். 12 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நுரை சுவரெல்லாம் மெல்லிய படலமாகப் பரவிவிடும். பரப்பு கூடக்கூட ஆவியாவதும் கூடும் என்பதால், சூடான கிண்ணத்தில் அது விரைவில் காய்ந்தும் போகும். நான் தேர்ந்ததன் வாய் 11 சென்டிமீட்டர், ஆழம் 6 சென்டிமீட்டர். ஆழம் இதைவிடக் கூடினால் விரல் மூட்டுகள் நுரையில் நனையும்.

உட்புறத்தில் வரிவரியாக மேடுகள் இருப்பது நுரை எழும்ப உதவுகிறது; பிரஷ் நுனி அவற்றில் தடுக்கித் தடுக்கிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த மேடுகள் மழுங்கலாக, மெருகு நன்றாக மூடியபடி இருக்க வேண்டும். சுண்டுவிரல் நுனியை மெல்ல அவற்றின் மீது ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: விரல் வழுக்கினால் சரி, பிடித்து இழுத்தால் அது நாளடைவில் பிரஷ்ஷின் மயிர் நுனியையும் அப்படித்தான் இழுத்து முறிக்கும். மேடே இல்லாத வழவழப்பான கிண்ணமும் குறையொன்றும் இல்லை. அரை நிமிடம் கூடுதலாகச் சுழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே.

மண்ணின் வகையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் நுண்துளைகள் உள்ளது. நீர் தங்கும் வெற்றிடத்தின் உட்புறம் கண்ணுக்கு எட்டாத இடம். அங்கே மெருகு சரியாகப் படியாமல் விட்டிருந்தால் சுவர் நீரை உறிஞ்சி வெளியே வியர்க்கும், மெருகிலும் வலைபோல் கீறல்கள் தோன்றும். 1200 டிகிரிக்கு மேல் சுடப்பட்ட ஸ்டோன்வேர் வகையில் மண் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடுவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. செம்பில் செய்தவையும் உண்டு. அழகுதான், சூட்டையும் உடனே கடத்தும். வெளிச்சுவரும் அதே வேகத்தில் சூடேறிவிடும் என்பதால் கையில் ஏந்திப் பிடிக்க முடியாது. கைப்பிடி வேண்டுமா என்பது அவரவர் வழக்கத்தைப் பொறுத்தது. மேடைமேல் வைத்தே நுரையடிப்பவருக்கு அது இடைஞ்சல். என்னைப் போல் இடது கையில் ஏந்திக்கொண்டு அடிப்பவருக்கு அது இல்லாமல் ஆகாது. சோப்பு படிந்த கை ஈரப் பீங்கானைப் பிடித்திருக்கும் பிடியை நம்பி, உள்ளே கால் லிட்டர் வெந்நீரோடு எதையும் தூக்கக் கூடாது.

வாங்கி வந்த முதல் நாளே ஒரு பாடம். நீர் ஊற்றும் துளை விளிம்பருகே சுண்டுவிரல் பருமனில் ஒன்றே ஒன்று இருந்தது. கெண்டியைச் சாய்த்து ஊற்றினால் ‘குபுக்’ என்று ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை என் கையிலேயே துப்பியது. உள்ளேயுள்ள காற்று வெளியேற வேறு வழியில்லாமல், நீர் நுழையும் துளையிலேயே முட்டிக்கொண்டு வந்ததுதான் காரணம். இரண்டு துளைகள் உள்ள கிண்ணமாக இருந்தால் ஒன்றில் நீர் போக, மற்றொன்றில் காற்று வரும். தேர்ந்தெடுக்கும்போது எனக்கு இது தோன்றாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு. ஒரு துளைக் கிண்ணத்துக்கு நான் கண்ட வழி இது: துளை உச்சியில் வரும்படி கிண்ணத்தைச் சற்றே சாய்த்து வைத்து, துளையைவிட ஒடுங்கிய காம்புள்ள புனலை ஓரமாகச் சாய்த்துச் செருகி, நூலாக ஊற்ற வேண்டும். புனலின் காம்புக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே உள்ள சிறு சந்து காற்றுக்குப் போதும். துளை வரை நிரப்பவும் கூடாது. ஒரு விரல் அளவு குறைத்து விட்டால்தான், வேகமாகச் சுழற்றும்போது நீர் துள்ளி நுரையில் விழாமல் இருக்கும்.

இனி சூட்டுக் கணக்கு. என் கிண்ணம் 600 கிராம். அதன் வெற்றிடம் கொள்வது 250 மில்லி லிட்டர். 25 டிகிரியில் இருக்கும் கிண்ணத்தில் 65 டிகிரி நீரை ஊற்றினால், வெளியே எதுவும் இழக்காவிட்டாலும் இரண்டும் 52 டிகிரியில்தான் வந்து சமமாகும். இரண்டு நிமிடம் விட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி 65 டிகிரி நீரை ஊற்றினால் கணக்கு 61 டிகிரிக்குப் போகிறது. இரண்டு தடவை ஊற்றுவது வெட்டி வேலை என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்பது டிகிரியைப் பார்க்க வேண்டும். நடைமுறையில் மேல்விளிம்பும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால் சமையலறை வெப்பமானி காட்டுவது இதற்குக் கீழேதான் இருக்கும். முதல் ஊற்று வீணாகவும் வேண்டாம்; அதையே பிரஷ் ஊறவைக்கவும் முகம் கழுவவும் எடுத்துக்கொள்கிறேன். 65 டிகிரி நீருக்கு வெப்பமானிகூடத் தேவையில்லை. கொதிநீரும் குழாய் நீரும் சரிபாதி கலந்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் கொதிநீர் சேர்த்தால் அந்தச் சூட்டுக்கு அருகில் வந்துவிடும். கவனம் வேண்டும்: 60 டிகிரி நீர் தோலில் சில நொடிகள் பட்டாலே வெந்துபோகும். அதனால் முகம் கழுவும் நீரும் பிரஷ் ஊறும் நீரும் விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே. விலங்கு மயிர் பிரஷ்ஷைக் கொதிநீரில் போட்டால் மயிர் மொரமொரத்து முறியும், கற்றையை அடியில் பிடித்திருக்கும் பசையும் தளரும். செயற்கை இழை பிரஷ்ஷுக்கு ஊறவே தேவையில்லை. நனைத்து உதறினால் போதும்.

கிண்ணம் சூடாக இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணியது என் அடுத்த தவறு. முதல் வாரத்தில், சூடு கூடினால் சுகமும் கூடும் என்று நினைத்து ஏறக்குறையக் கொதிநீரையே ஊற்றினேன் (கிண்ணத்தை முன்பே சூடாக்கியிருந்ததால் விரிசல் விழாமல் தப்பியது). நுரை எழும்பியது, வெண்ணெய்போல் மினுங்கவும் செய்தது. முதல் சுற்றை மழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கிண்ணத்துச் சுவரோரம் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது; நடுவில் பெரிய பெரிய குமிழிகள், அடியில் சோப்புத் தண்ணீர். சூடு ஏறினால் குமிழிகளுக்கு நடுவேயுள்ள சோப்பு நீர் இளகி, வேகமாகக் கீழே வடிந்துவிடுகிறது. மேலே மிஞ்சியதன் ஈரமோ ஆவியாகிப் போகிறது. தயங்கித் தயங்கியாவது விரலை ஐந்தாறு நொடி வைத்திருக்க முடிகிற சூட்டில் சுவர் இருந்தால் போதும். நுரைக்குள் வெப்பமானி முனையைச் செருகினால் 42, 43 டிகிரி காட்டினால் அதுதான் எனக்கு உகந்த இடம். பத்து நிமிடம் கழித்து, மூன்றாம் சுற்றில் 38 டிகிரி. உடல் சூட்டைவிட ஒரு பிடி மேலே.

இந்தச் சூட்டில் நுரையடிக்கும் முறையும் சற்று மாறுகிறது. சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியக் காரத்தோடும் சோடியக் காரத்தோடும் சேர்த்துச் செய்த உப்புகளே முதன்மையானவை. பொட்டாசியப் பங்கு எளிதில் கரையும், சோடியப் பங்கு கட்டிக்கு இறுக்கம் தரும். சூடு இரண்டையும் விரைவாகக் கரைப்பதால், கட்டியில் அரை நிமிடம் தேய்த்து எடுத்த சோப்பே சூடான கிண்ணத்தில் போதுமானதாக இருக்கிறது. தண்ணீரை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் இல்லை. பிரஷ் நுனியை நீரில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தொடலுக்கும் இருபது முப்பது சுற்று. குமிழிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, பரப்பில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு பளபளப்பு வரும். பிரஷ்ஷைத் தூக்கினால் எழும் முனை நிமிர்ந்து நிற்காமல் லேசாக வளைந்து தலைகுனிய வேண்டும். குளிர்ந்த கிண்ணத்தில் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஸ்கட்டிலில் இன்னும் இரண்டு தொடல் நீர் சேர்க்கிறேன். இரண்டாம் சுற்றுக்குள் ஆவியாகப் போகும் பங்கு அது. மூன்றாம் சுற்றுக்கு முன் மறுபடி ஒரு தொடல். நீர் கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும்; எவ்வளவு சூடாக்கினாலும் அந்தக் கசடு நுரையாகாது. அங்கே கை வைக்க வேண்டியது கிண்ணத்தில் இல்லை, நீரில்தான்.

மென்தால் கலந்த சோப்பை இதில் ஒருமுறை அடித்துப் பார்த்தேன். முகம் ஒரே நேரத்தில் சுடவும் குளிரவும் செய்தது. எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் பிடித்திருந்தது.

சூடான நுரை முடியை மென்மையாக்கிவிடும் என்று பேசப்படுவதில் பாதிதான் சரி. தாடி முடியை மென்மையாக்குவது நீர். இரண்டு மூன்று நிமிடம் நனைந்த முடியை வெட்ட வேண்டிய விசை, காய்ந்த முடிக்கு வேண்டியதைவிட வெகுவாகக் குறைகிறது. சூடு அந்த ஊறலை விரைவுபடுத்துகிறது. முகத்தில் பூசிய மெல்லிய நுரைப் படலமோ சில நொடிகளில் தோலின் சூட்டுக்கு வந்துவிடும். கிண்ணத்தில் என்ன சூட்டில் இருந்தது என்பது அதற்குப் பிறகு பொருட்டே இல்லை. ஆகவே முதல் சுற்றுக்கு முன் முகத்தை வெந்நீரில் நன்றாக நனைக்கும் வேலையை ஸ்கட்டில் குறைத்துவிடாது. வித்தியாசத்தை நான் உணர்வது இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில்தான். தாடைக்குக் கீழே, கழுத்தில், முடி சுழன்று வளரும் அந்த உள்ளங்கையளவு இடத்தில், ஆறிய நுரை பட்டதும் முன்பெல்லாம் தோல் புள்ளிபுள்ளியாகச் சிலிர்த்து எழும்பும். அந்தப் புள்ளிகளின் தலையை பிளேடு சீவிக்கொண்டு போகும். சூடான நுரையில் சிலிர்ப்பு இல்லை. பிளேடையும் மாற்றவில்லை, ரேசரின் கோணத்தையும் மாற்றவில்லை. கழுத்தில் தினமும் எழுந்த சிவப்பு பெருமளவு அடங்கிவிட்டது. வெயில் காலத்தில் கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிடுகிறேன். அப்போது அதன் தேவையே தெரிவதில்லை.

கழுவும் முறையில் உட்கிண்ணம் ஒரு பொருட்டே இல்லை, குழாயடியில் பிடித்தால் போய்விடும். தொல்லை வெற்றிடத்தில்தான். அங்கே கை நுழையாது, வெளிச்சம் போகாது, காற்று ஓடாது. முதல் மாதம் நீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்ததோடு விட்டுவிட்டேன். பிறகொரு நாள் துளையில் மூக்கை வைத்தபோது பூசண வாடை அடித்தது. சிட்ரிக் அமிலத் தூள் ஒரு தேக்கரண்டியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து உள்ளே ஊற்றி, அரை மணி நேரம் விட்டுக் குலுக்கிக் கொட்டினேன். சுண்ணப் படிவு சிறு சிறு செதில்களாக வந்தது. இரண்டு தடவை நல்ல நீரில் அலசிய பிறகு வாடையும் போய்விட்டது. வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் மணம் போக இரண்டு நாளாகும். அன்றிலிருந்து, கிண்ணத்தைத் தட்டையாகக் கவிழ்க்காமல், துளை எல்லாவற்றிலும் தாழ்வான இடத்தில் வரும்படி ஒரு மடித்த துணியில் சாய்த்து வைக்கிறேன். நன்றாக வடிந்துவிட்டது என்று நினைத்து வைத்த கிண்ணத்திலிருந்துகூட, மறுநாள் காலையில் எடுக்கும்போது, துணியில் ஒரு கரண்டி அளவு ஈரம் இறங்கியிருக்கிறது.